நற்பெயர் என்னும் அமானிதம்

‘பெயர்’ என்னும் சொல்லோடு நம் மொழியில் சேர்ந்து வழங்கும் வினைகளைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் பெயர் ‘வைக்கின்றனர்’. வளர்ந்தபின் அக்குழந்தை ஊரில் பெயர் ‘எடுக்கிறது’. எடுத்த பெயரை ஒருவர் ‘காப்பாற்றுகிறார்’, மற்றொருவர் ‘கெடுத்துக்கொள்கிறார்’. தமக்குரிய நற்பெயரைத் தாமே ‘வைத்துக்கொண்டார்’ என்று எவரையேனும் சொல்ல நேர்ந்தால், அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை; நகையாடியே சொல்வோம். பெயர் பிறரிடமிருந்து வருவது என்பதும், வந்தபின் அதைக் காக்கும் பொறுப்பு நம்முடையது என்பதும் இவ்வழக்குகளிலேயே அடங்கியிருக்கின்றன.

இன்றைய மாணவர் செவிகளில் விழும் அறிவுரையோ வேறு விதமானது. ‘உன்னை நீயே ஒரு பிராண்டாக வளர்த்துக்கொள்’ என்று வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்புகளிலும் சமூக ஊடகங்களிலும் ஓயாமல் சொல்லப்படுகிறது. 1997ஆம் ஆண்டில் டாம் பீட்டர்ஸ் என்னும் அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்னும் இதழில் எழுதிய கட்டுரையொன்று இக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. வணிகப் பொருள்களுக்குச் சின்னம் இருப்பதுபோல் ஒவ்வொரு பணியாளரும் தம்மையே ஒரு சின்னமாகக் கருதி வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ‘பிராண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளோ நெருப்பைச் சார்ந்தது. இன்னாருடைய மாடு என்று அடையாளம் காண, காய்ச்சிய இரும்பால் மாட்டின் தோலில் இடும் சூட்டுக்குறியை அச்சொல் குறித்தது. நம் ஊர்களிலும் சூட்டுக்கோல் உண்டு. சூட்டுக்குறி மாட்டின் உடைமையாளர் யார் என்பதைச் சொல்லும்; மாட்டின் குணத்தைச் சொல்லாது.

நிலைத்த பெயரை விரும்புவது தவறன்று. ஆயின் அதற்கு வழி பெயரையே குறியாகக் கொள்வதன்று. தன்னினும் பெரியதொரு நோக்கத்தைக் குறியாகக் கொண்டு, அந்நோக்கத்திற்குரிய விழுமியங்களை இழப்பு நேரும் காலத்தும் கைவிடாது ஒழுகுவோர்மீது மக்கள் ஒப்படைக்கும் அடைக்கலப் பொருளே நற்பெயர். நம் வழக்கில் சொன்னால் அஃது ஓர் அமானிதம். இக்கருத்தையே இக்கட்டுரை சில சான்றுகளால் நிறுவ முயல்கிறது.

எடுத்துரைத்தலும் பறைசாற்றலும்

முதலில் ஒரு தடையை நீக்கிவிடுதல் நலம். ‘தன் தகுதியைத் தானே சொல்வது தற்பெருமை; அது ரியா; ஆகவே வாய்மூடி இருப்பதே அடக்கம்’ என்று நம் வீடுகளில் சில பெரியோர் கருதுகின்றனர். இதனால் திறமையுள்ள மாணவர், சிறப்பாக மாணவியர், நேர்முகத் தேர்வுகளில் தாம் கற்றதைக்கூட எடுத்துரைக்க இயலாமல் தயங்கி நிற்பதைக் காண்கிறோம்.

திருக்குர்ஆன் கூறும் நபி யூசுப் (அலை) அவர்களின் வரலாறு இத்தயக்கத்திற்கு மருந்தாகும். எகிப்தின்மீது பஞ்சம் கவியவிருந்த காலம் அது. மன்னன் யூசுபை அழைத்து மதித்தபோது, நாட்டின் களஞ்சியங்களைத் தம் பொறுப்பில் விடுமாறு அவர்களே கேட்டார்கள். தாம் பேணிக் காப்பவர் என்பதையும் அத்துறையை அறிந்தவர் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். இறைத்தூதர் ஒருவர் தம் தகுதியைத் தாமே கூறுகிறார்; மறை அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இங்கே வரிசையைக் கருத வேண்டும். முன்னே நின்றது மக்களின் பசி. அதற்கு விடையாக வந்தது பணி. அப்பணிக்கு வேண்டிய அளவிற்கே தகுதியின் அறிவிப்பு. அவர்கள் கூறிய தகுதிகள் இரண்டனுள் ஒன்று நாணயம், மற்றொன்று அறிவு. பணிக்காகத் தகுதியைச் சொல்வது எடுத்துரைத்தல். பணி ஏதுமின்றித் தன்னையே காட்டிக்கொண்டிருப்பது பறைசாற்றல். முன்னதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பின்னதற்கு அஞ்சியே ஆக வேண்டும்.

எதிரியும் ஒப்பிய பெயர்

நபித்துவம் அருளப்படும் முன்னரே மக்கத்து மக்கள் முஹம்மது (ஸல்) அவர்களை ‘அல்-அமீன்’, அதாவது நம்பிக்கைக்குரியவர், என்று அழைத்தனர். அப்பெயரை நாயகம் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளவில்லை. அவர்தம் கொடுக்கல் வாங்கல்களைக் கண்டவர்கள் சூட்டினர். கஅபாவைப் புதுப்பித்துக் கட்டியபோது கருங்கல்லை உரிய இடத்தில் வைக்கும் பெருமை யாருக்கு என்று குலங்கள் பூசலிட்டன. அப்போது வாயில் வழியே முதலில் வந்த அவர்களை நடுவராக ஏற்க எல்லாரும் மகிழ்ந்து உடன்பட்டதற்குக் காரணம் அந்த நற்பெயரே. கல்லைத் தம் மேலாடையில் வைத்து, குலத்திற்கொருவர் அதன் ஓரத்தைப் பற்றித் தூக்கச் செய்து, பூசலை அவர்கள் தீர்த்தார்கள். ஒருவருக்கே உரித்தாகும் என்றிருந்த பெருமை எல்லாக் குலங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

அப்பெயர் கடுமையான சோதனைக்கு உள்ளானது கி.பி. 622இல், ஹிஜ்ரத்தின்போது. ஏகத்துவக் கொள்கையை எதிர்த்தவர்கள், உயிருக்கே ஊறு செய்யத் துணிந்தவர்கள், தம் விலையுயர்ந்த பொருள்களை மட்டும் நாயகத்திடமே அடைக்கலமாக வைத்திருந்தனர் என்பது வரலாறு. நள்ளிரவில் ஊரைவிட்டு வெளியேறும் இக்கட்டிலும் அப்பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை மக்காவிலேயே இருத்திவிட்டுச் சென்றார்கள். பகைவரின் பொருள்தானே என்று எண்ணியிருந்தால் அன்றைய உலகம் அதைப் பெரிதாகப் பழித்திருக்காது. போர்க்காலம் என்று சமாதானம் சொல்லியிருக்கலாம். ஆனால் ‘அல்-அமீன்’ என்னும் பெயர் அன்றிரவோடு பொருளிழந்திருக்கும்.

நற்பெயரின் உரைகல் இதுவே. நம்மை விரும்புவோர் நம்மைப் புகழ்வது எளிது. நம் கொள்கையை ஏற்காதவரும் நம் கையில் ஒரு பொருளை நம்பித் தரத் துணிவரா என்பதே கேள்வி.

வள்ளுவர் வைத்த வரிசை

திருக்குறளில் புகழுக்கென்று தனி அதிகாரம் ஒன்று உண்டு. அதன் இருப்பிடம் சிந்தனைக்குரியது. இல்லறவியலின் நிறைவில், 24ஆம் அதிகாரமாக அது நிற்கிறது. அதற்கு முந்தையது ஈகை. அதற்கும் முந்தையது ஒப்புரவறிதல். ஊரோடு ஒத்து உதவும் உள்ளம், அதன்பின் இல்லாதவர்க்கு ஈதல், அதன்பின் புகழ் என்பது வள்ளுவர் வைத்த வரிசை. புகழை முன்னே வைத்து, ஈகையை அதற்கொரு விளம்பரமாகப் பின்னே வைக்கும் இக்கால வரிசையை அவர் அறியார்.

இவ்வரிசைக்குத் தமிழ் முஸ்லிம் வரலாறு தரும் சான்று கீழக்கரை வள்ளல் சீதக்காதி. ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயர் என்னும் இயற்பெயருடைய அவர் 17ஆம் நூற்றாண்டில் கடல் வாணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். கிழவன் சேதுபதியின் நட்பைப் பெற்றவர். உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர். நூல் நிறைவுறும் முன்னரே அவர் மறைந்தார். பின்னர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரக்காயர் புலவரை ஆதரித்தார். சீறாப்புராணத்துள் உமறு போற்றும் வள்ளல் அபுல்காசிமே ஆவார். காப்பியத்தைத் தொடங்க வைத்தவரும் தொடர வைத்தவரும் ஆகிய இருவர் கொடையும் ஒன்றுகூடியே 5,027 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம் நமக்குக் கிடைத்தது.

சீதக்காதியின் கப்பல்கள் இன்றில்லை. அவர் முகம் எப்படியிருந்தது என்று காட்டும் ஓவியத்தை நாம் கண்டதில்லை. ஆயினும் ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்னும் பழமொழி சமய வேறுபாடின்றித் தமிழர் நாவில் வழங்குகிறது. கல்லறையிலிருந்து கை நீட்டி மோதிரம் தந்தார் என்னும் கதையை வரலாறு என்று கொள்ள வேண்டியதில்லை. மக்கள் அக்கதையைப் படைத்துக்கொண்டார்கள் என்பதே வரலாறு. கேட்டவர்க்கு இல்லையென்னாத ஒருவரின் கொடை மரணத்தோடு நின்றுவிடும் என்று ஏற்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. இத்தகைய பழமொழியைப் பணம் கொடுத்துப் பரப்ப முடியுமா?

விலை கொடுக்கும் நாள்

விழுமியங்களைச் சொல்வது எளிது. அவற்றால் இழப்பு வரும் நாளில்தான் அவை நம்முடையவையா என்பது தெரியவரும். இதற்கு நம் காலத்துச் சான்றாக நீதியரசர் மு.மு. இஸ்மாயீல் அவர்களைக் கூறலாம். 1921இல் நாகூரில் பிறந்த அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தார். நெருக்கடிநிலைக் காலத்தில் சென்னை மத்திய சிறையில் நிகழ்ந்த கொடுமைகளை விசாரித்த ஆணையம் அவர் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது. 1981இல் அவர் கேரள உயர் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டபோது, அம்மாறுதலை ஏற்காமல் பதவியையே துறந்தார்.

பதவி போனபின் அவர் பெயர் குறைந்ததா? சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக நெடுங்காலம் விளங்கினார். வாலி வதம் பற்றி ‘மூன்று வினாக்கள்’ என்னும் நூலை எழுதினார். மார்க்கப் பற்று மிக்க முஸ்லிம் ஒருவர் கம்பராமாயணத்தில் தோய்ந்து ஆய்வதைப் பாராட்டியோர் பலர். புருவம் நெரித்தோரும் இருந்திருப்பர். இரு திறத்தார்க்கும் ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ள அவர் முனையவில்லை. தம் மார்க்கத்தை மறைக்கவுமில்லை. தமிழ்மீது கொண்ட காதலைக் குறைக்கவுமில்லை. 2005இல் அவர் மறைந்தபோது நீதித்துறையும் தமிழுலகமும் ஒருசேரத் துயருற்றன. ‘இவர் இன்ன சூழலில் இப்படித்தான் நடப்பார்’ என்று பிறர் உறுதியாகச் சொல்லக்கூடிய வாழ்வே முத்திரை பதித்த வாழ்வு.

கண்ணியமிகு காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்களையும் இங்கே நினைவுகூரலாம். 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நிகழ்ந்தது. பழைமையும் வளமும் அளவுகோல் என்றால் அவ்விடத்திற்கு உரிமையுடைய மொழி தமிழே என்று அவர் துணிந்து வாதாடினார். அவை ஏற்காது என்பது அவருக்குத் தெரியாததன்று. திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த அவரை மலையாள மண்ணின் மஞ்சேரித் தொகுதி 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களில் நாடாளுமன்றத்திற்கு அனுப்பியது. ‘காயிதே மில்லத்’, அதாவது சமுதாய வழிகாட்டி, என்பதும் மக்கள் தந்த பெயரே.

பழியை ஏற்றுப் புகழைப் பகிர்தல்

பெயரைத் தேடாதவரைப் பெயர் எவ்வாறு தேடிவரும் என்பதற்கு மற்றொரு நிகழ்ச்சி உண்டு. 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் இராமேசுவரத்து ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். செய்தியாளர்களைச் சந்திக்க வேண்டிய வேளையில் விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவர் சதீஷ் தவான் முன்வந்து தோல்வியின் பொறுப்பைத் தாமே ஏற்றார். தம் அறிவியலாளர்மீது தமக்குள்ள நம்பிக்கையையும் அறிவித்தார். 1980 ஜூலை 18இல் ஏவுகலம் வெற்றி பெற்றபோது, செய்தியாளர் முன் பேசக் கலாமையே அனுப்பிவைத்தார். தோல்வி வந்தபோது தலைவர் அதைத் தம்மேல் ஏற்றார், வெற்றி வந்தபோது அதைத் தம் குழுவிற்குத் தந்தார் என்று கலாம் அவர்கள் பின்னாளில் மேடைதோறும் நன்றியோடு எடுத்துரைத்தார்.

தவான் 2002இல் மறைந்தார். அவ்வாண்டே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் சதீஷ் தவான் விண்வெளி மையம் எனப் பெயர் பெற்றது. புகழைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தவரின் பெயர், அப்புகழ் விளைந்த இடத்தின் வாயிலில் ஏறியது. அதை எழுதியவர்களும் பிறரே.

ஒரு நோக்கமும் ஒரு வாழ்வும்

‘பெரியோர் வரலாறு இருக்கட்டும், தமிழிலக்கியம் படிக்கும் எனக்கு என்ன நோக்கம் இருக்க முடியும்?’ என்று மாணவர் கேட்கலாம். அவர்களுக்கு நாம் காட்டத்தக்கவர் ஈழத்துப் பாணந்துறைப் பகுதியில் பிறந்த பேராசிரியர் ம.மு. உவைஸ் (1922–1996). தமிழிலக்கிய வரலாறுகளில் முஸ்லிம் புலவர்களுக்குச் சில வரிகளே ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை முழுமையாகத் தேடித் தொகுப்பதே தம் வாழ்நாட்பணி என அவர் வரித்துக்கொண்டார். நூல்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். நூல் விவர அட்டவணை தொகுத்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராகப் பணியாற்றி, முனைவர் பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். இன்று மசலா, கிஸ்ஸா, முனாஜாத்து, நாமா, படைப்போர் ஆகிய இலக்கிய வகைகளைப் பற்றி வகுப்பறையில் பேசும் எவரும் அவர் உழைப்பின் நிழலில் நின்றே பேசுகின்றனர்.

அவர் தம் பெயரைப் பரப்பப் புறப்பட்டவர் அல்லர். மறக்கப்பட்ட புலவர்களின் பெயர்களை மீட்கப் புறப்பட்டார். அவர்களோடு அவர் பெயரும் நிலைத்துவிட்டது.

நம் நிலை என்ன?

இச்சான்றுகளை வைத்து நம்மை நாமே அளந்து பார்ப்போம். ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இடம்பெறும் நபிமொழியொன்று மறுமையில் முதன்முதல் விசாரிக்கப்படும் மூவரைப் பற்றிக் கூறுகிறது. ஒருவர் போரில் உயிர்நீத்தவர். ஒருவர் கல்வி கற்றுக் கற்பித்தவர். ஒருவர் பொருளை வாரி வழங்கியவர். மூவரும் பிறர் புகழ வேண்டும் என்பதற்காகவே செய்தனர். அப்புகழ் உலகிலேயே கிடைத்துவிட்டது. ஆகவே அங்கே கூலியில்லை, தண்டனையே உண்டு என்பது அதன் கருத்து. கற்பிக்கும் ஆசிரியர்களும் வழங்கும் செல்வர்களும் அப்பட்டியலில் இருப்பதை நாம் மறத்தலாகாது.

மாணவரிடத்தில் நாம் காண்பது என்ன? இணையத்தில் கிடைத்த கட்டுரையை ஒரு சொல்லும் மாற்றாமல் தம் பெயரிட்டுத் தருவோர் இருக்கின்றனர். கணிப்பொறியே எழுதித் தருவதைத் தாம் எழுதியதாகக் காட்டுவோரும் இன்று உளர். மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் தாம் எழுதாததன் மேல் தம் பெயரை எழுதும் கை, தன் பெயரைத் தானே பொய்யாக்கிவிடுகிறது. ஆய்வுலகிலும் இதே நோய் பரவியிருப்பதை ஆசிரியர்களாகிய நாம் அறியாதவர்கள் அல்லோம். மாணவனைக் கண்டிக்கும் தகுதி நமக்கு வேண்டுமாயின் நம் அடிக்குறிப்புகள் முதலில் நேர்மையாக இருத்தல் வேண்டும்.

சமுதாயப் பெரியோரிடம் மதிப்போடு ஒன்றைச் சொல்லலாம். ஒரு மின்விசிறி கொடுத்தால் அதன் இறக்கைதோறும் ‘உபயம்’ எழுதுவதும், ஓர் ஏழை மாணவிக்குக் கட்டணம் செலுத்திவிட்டு அவளை மேடையேற்றிப் படம் எடுத்து வெளியிடுவதும் நம்மிடையே வழக்கமாகி வருகின்றன. பெற்றவளின் நாணத்தை விற்றுக் கொடுத்தவரின் பெயரை வாங்கும் வணிகம் அது. வெளிப்படையாகக் கொடுப்பதால் மற்றவரும் கொடுக்கத் தூண்டப்படுவர் என்பது உண்மையே. வெளிப்படையாக வழங்கும் தருமத்தை மார்க்கமும் விலக்கவில்லை. ஆயின் கொடையை வெளிப்படுத்தலாம். பெற்றவரை வெளிப்படுத்த வேண்டியதில்லை.

நம் முன்னோர் இதில் நமக்கு வழிகாட்டிகள். 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சிராப்பள்ளியில் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது. பின்னதை நிறுவியவர்கள் ஜமால் முஹம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் ஆகிய இருவர். கல்லூரியின் பெயரில் இருப்பதோ ஒருவர் பெயர். அதனால் மற்றவர் தொண்டு ஒரு மாற்றும் குறையவில்லை. அக்கல்லூரிகளில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயின்று வெளியேறினர். நிறுவியவர்களின் பெயரைத் தாங்கி நிற்பவை அங்குள்ள கற்பலகைகள் மட்டுமல்ல. முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்ற பிள்ளைகளால் நிமிர்ந்த குடும்பங்களும் ஆகும்.

செயலில் காட்டத்தக்கவை

மாணவச் செல்வங்கள் இன்றே தொடங்கத்தக்கன சிலவற்றைக் கூறி அமைகிறேன்.

முதலாவது, ஒரு நோக்கத்தைத் தெரிவு செய்க. அது பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரின் பழைய பாடல்களைப் பாட்டிமாரிடம் கேட்டுப் பதிவு செய்வது ஒரு நோக்கம். அலமாரியில் செல்லரிக்கும் அரபுத்தமிழ் ஏட்டைப் படிக்கப் பழகுவது ஒரு நோக்கம். பிழையின்றித் தமிழ் எழுதும் ஐந்து குழந்தைகளை உருவாக்குவதும் ஒரு நோக்கமே.

இரண்டாவது, எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்னும் இரண்டு அல்லது மூன்று விழுமியங்களை உறுதி செய்க. சொன்ன நாளில் சொன்னதை முடிப்பது, பிறர் உழைப்பை என்னுடையது என்று சொல்லாமை, என்னிடம் ஒப்படைத்ததைத் திருப்பித் தருவது என்ற அளவில் அவை எளியனவாக இருக்கட்டும். நீண்ட பட்டியல் சுவரில் தொங்கும். குறுகிய பட்டியலே கையோடு வரும்.

மூன்றாவது, சமூக ஊடகத்தில் எழுதுங்கள், அஞ்ச வேண்டாம். அங்கே உங்களைக் காட்டுவதைவிட உங்கள் பணியைக் காட்டுங்கள். யார் பார்த்தார்கள் என்று எண்ணுவதைவிட யாருக்குப் பயன்பட்டது என்று எண்ணுங்கள்.

நான்காவது, எவரும் அறியாத நற்செயல் ஒன்றையேனும் தொடர்ந்து செய்து வாருங்கள். புகாரி தொகுப்பின் முதல் நபிமொழியே நிய்யத்தைப் பற்றியது. எண்ணம் தூயதா என்பதை நாமே சோதித்துக்கொள்ள இதனினும் சிறந்த வழியில்லை.

அமானிதமாகப் பெற்ற பொருளை நாம் என்ன செய்வோம்? நம்முடையது என்று செருக்க மாட்டோம், அழிந்துவிடாமல் காப்போம், கேட்கும் நாளில் குறைவின்றித் திருப்பித் தருவோம். பிறர் நம்மேல் வைத்த நற்பெயரையும் அவ்வாறே காத்து, நம்மைப் படைத்தவனிடம் குறைவின்றி ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்புரிவானாக!